தகரக் கூரையின் கீழ் மாதவிடாய்: தற்காலிக வீடுகளில் வளரும் பெண்பிள்ளைகளுக்கு எதை, எப்படிச் சொல்லித் தருவது

"ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றுங்கள். துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்." மாதவிடாய் சுகாதார வகுப்பு என்றால் பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியங்கள்தான். மூன்றும் சரியானவை. ஆனால் வெள்ளத்திலோ நிலநடுக்கத்திலோ வீட்டை இழந்து, ஒற்றை அறைக் கொட்டகையில் அப்பா, அண்ணன், பாட்டி எல்லோருடனும் படுத்து எழும் 13 வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். எங்கே நின்று மாற்றுவது? எந்தக் கொடியில் காயப்போடுவது? எந்தத் தண்ணீரில் கழுவுவது?

ஆகவே பேரிடருக்குப் பிந்தைய குடியிருப்பில் மாதவிடாய்க் கல்வி என்றால் உடம்பைப் பற்றிய பாடம் ஒரு பங்கு, பொருளைப் பற்றியது ஒரு பங்கு, இடத்தைப் பற்றியது ஒரு பங்கு. மூன்றாவதுதான் எப்போதும் விடுபட்டுப்போகிறது. தன்னார்வலர்கள், ஆசிரியைகள், செவிலியர்கள், அம்மாக்கள் என இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் யாருக்கும் பயன்படும்படி மூன்றையும் கீழே விளக்கியிருக்கிறோம்.

உடம்பு: குறைவாகச் சொன்னால் போதும், சரியாகச் சொல்ல வேண்டும்

கருப்பையின் உள்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் தடிக்கிறது. கரு தங்காதபோது அந்தப் படலம் இரத்தத்தோடு கரைந்து வெளியேறுகிறது. அதுதான் மாதவிடாய். வெளியேறுவது கெட்ட இரத்தமோ கழிவோ அல்ல. உடம்பு ஒரு தங்குமிடத்தைத் தயார்செய்து, தேவைப்படாததால் கலைக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு எண்கள் தேவை. தன் உடம்பில் நடப்பது இயல்பா இல்லையா என்பதை எண்ணை வைத்துத்தான் அவர்கள் தீர்மானிக்க முடியும். இரத்தப்போக்கு 2 முதல் 7 நாள் வரை இருக்கலாம். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததின் முதல் நாள்வரை 21 முதல் 45 நாள் வரை ஆகலாம். எல்லோருக்கும் 28 நாள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனால், 38 நாள் சுழற்சி உள்ள பெண் ஒவ்வொரு மாதமும் பத்து நாள் பயந்துகொண்டிருப்பாள். மொத்த இரத்த இழப்பு பொதுவாக 30 முதல் 40 மில்லி, அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80 மில்லியைத் தாண்டினால் அதிகப் போக்கு. அளந்து பார்க்க யாராலும் முடியாது என்பதால் வேறு அடையாளம் சொல்ல வேண்டும்: ஒரு நாப்கின் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே முழுக்க நனைந்து, அதுவே பலமுறை தொடர்ந்தால் அது அதிகம்.

பேரிடர் பகுதியில் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது அவசியம். அதிர்ச்சி, தூக்கமின்மை, சரியான சாப்பாடு இல்லாமை ஆகியவை மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் சமிக்ஞைகளைத் தடுமாறச் செய்யும். முட்டை வெளிப்படுவது தள்ளிப்போகும், மாதவிடாயும் தள்ளிப்போகும். சிலருக்கு ஒன்றிரண்டு மாதம் வராமலே போகலாம், சிலருக்குத் திடீரென அதிகமாக வரலாம். இது தெரியாத பெண் தனக்கு நிரந்தரமாக ஏதோ கெட்டுவிட்டது என்று நினைப்பாள். 90 நாளுக்கு மேல் வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 15 வயது முடிந்தும் முதல் மாதவிடாய் வரவில்லை என்றாலும் அப்படியே.

மாதவிடாய் தவறியதற்குக் கர்ப்பமும் காரணமாக இருக்கலாம். நெரிசலான முகாம்களில் பாலியல் தொல்லையும் வன்முறையும் கூடும் என்பதால் பாடம் எடுப்பவர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு பெண் அப்படி ஏதாவது சொல்லத் தொடங்கினால் குழுவுக்கு நடுவே கேட்காமல் தனியாக அழைத்துக் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாமல் போகும். "உனக்கு உதவக்கூடியவரிடம் மட்டும் சொல்லலாம், நானும் கூட வருகிறேன்" என்பதே சொல்லத்தக்கது. அந்த உதவக்கூடியவர் யார், எங்கே இருக்கிறார் என்பது வகுப்புக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பயமுறுத்தல் வேண்டாம். அழுக்குத் துணி வைத்தால் குழந்தையே பிறக்காது, புற்றுநோய் வரும் என்றெல்லாம் சொல்லிப் பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. நல்ல துணி கிடைக்க வழியில்லாத பெண்ணுக்கு அது தண்டனை. ஈரமான துணி நெடுநேரம் உரசினால் தொடையிடுக்கில் புண்ணும் அரிப்பும் வரும், பூஞ்சைத் தொற்றுக்கும் இடம்கொடுக்கும். இதைச் சொன்னாலே போதுமான காரணம் கிடைத்துவிடுகிறது.

பொருள்: கணக்குப் போட்டுப் பார்த்தால்

பேரிடர் நிவாரணப் பணிகளுக்கான குறைந்தபட்ச அளவுகோல்களைத் தொகுத்துத் தரும் ஸ்பியர் கையேட்டின் 2018 பதிப்பு, மாதவிடாய்க்கென்று சில அளவுகளைச் சொல்கிறது. ஒரு பெண்ணுக்கு மாதம் 15 நாப்கின், அல்லது ஆண்டுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் பேட் 6, அல்லது ஆண்டுக்கு 4 சதுர மீட்டர் உறிஞ்சும் பருத்தித் துணி. இவற்றில் எது வேண்டும் என்பதை அந்தப் பெண்களே சொல்ல வேண்டும். கூடவே ஆண்டுக்கு 6 உள்ளாடை, வழக்கமான சோப்புக்கு மேல் மாதம் 250 கிராம் சோப்பு, துணியை ஊறவைக்கத் தனிப் பாத்திரம், காயப்போடக் கயிறு, கிளிப்.

15 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்தே கணக்குப் போடலாம். முதல் இரண்டு நாள் நான்கு நான்கு, மூன்றாம் நாள் மூன்று, பிறகு இரண்டிரண்டு. ஐந்து நாளுக்குச் சரியாகப் பதினைந்து. ஏழு நாள் போகிறவளுக்கு இது பற்றாது. நிவாரணப் பையில் எட்டு நாப்கின் உள்ள ஒரு பாக்கெட் மட்டும் இருந்தால் என்ன நடக்கும்? முதல் நாளிலிருந்தே ஒரே நாப்கினை 12 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்வாள். அறியாமையால் அல்ல, கையிருப்பு அவ்வளவுதான் என்பதால்.

உள்ளாடையைத் தயவுசெய்து மறக்காதீர்கள். நாப்கின் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை ஒட்டுவதற்கான உள்ளாடை வெள்ளத்தோடு போயிருக்கும். அளவு பார்க்காமல் ஒரே அளவில் வாங்கி வருவதும் வழக்கமான தவறு. 11 வயதுப் பெண்ணுக்குப் பெரியவர்களின் உள்ளாடை நிற்காது, நாப்கின் நகர்ந்து கறை படும். மூன்று அளவுகளிலாவது வேண்டும். அடர்நிறமாக இருந்தால் கொடியில் தொங்கும்போது கறை தெரியாது என்பது பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி.

எது சிறந்தது, நாப்கினா துணியா? இந்தக் கேள்விக்கு வகுப்பில் ஒற்றைப் பதில் சொல்லக்கூடாது. தண்ணீர் பற்றாக்குறையாக, ஒரே கூடத்தில் நூறு பேர் படுத்திருக்கும் முதல் வாரங்களில் நாப்கின்தான் வசதி. அதன் சங்கடம் அப்புறப்படுத்துவதில் இருக்கிறது, கீழே வருகிறோம். தற்காலிக வீட்டுக்கு மாறிய பிறகு நிலைமை வேறு. நிவாரணப் பை சில மாதங்களில் நின்றுவிடும், அந்த வீட்டில் வாழ்க்கையோ ஆண்டுக்கணக்கில் நீளும். பை நின்றுபோகும் மாதத்துக்கு என்ன வழி என்பதை அது வந்துகொண்டிருக்கும்போதே சொல்லித்தர வேண்டும். அதனால் துணி பேட் செய்வது எல்லாப் பிள்ளைகளும் கையால் செய்து பார்க்க வேண்டிய பாடம்.

துணி பேட் செய்ய பல தடவை துவைத்து மென்மையான பருத்தித் துணி எடுங்கள். புதுத்துணியில் கஞ்சிப் பசை இருப்பதால் சரியாக உறிஞ்சாது. அதுதான் இருக்கிறதென்றால் முதலில் இரண்டு மூன்று முறை துவைத்துவிடுங்கள். 24 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, அகலவாக்கில் நான்காக மடித்தால் 7.5 செ.மீ. அகலப் பட்டை கிடைக்கும். இப்படி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எட்டு மடிப்பு. சாதாரண நாளுக்குப் போதும். போக்கு அதிகமான நாளுக்கும் இரவுக்கும் மூன்று. உள்ளாடையில் நகராமல் பிடித்துக்கொள்ள, இருபுறமும் சிறகு வைத்துப் பட்டன் தைத்த ஓர் அடித்துணி வேண்டும். மடித்த பட்டையை அதன்மேல் குறுக்கே தைத்த இரண்டு நாடாக்களுக்குள் செருகிவிடலாம்.

மடிப்புகளைச் சேர்த்துத் தைத்துவிடலாமே என்று தோன்றும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈரப்பதமான ஊரில் எட்டு மடிப்பு தைத்த பேட் உள்ளே காயவே காயாது. வெளிப்பக்கம் உலர்ந்தாற்போல் இருக்கும், நடுமடிப்பு சில்லென்று இருக்கும், இரண்டு நாளில் புளித்த வாடை வரும். பிரித்துக் காயப்போடும் துணி ஒற்றை மடிப்பில் தொங்குவதால் சீக்கிரம் உலரும். கொட்டகை வாழ்க்கைக்குப் பிரித்து மடிக்கும் வகைதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

எத்தனை செட் வேண்டும் என்பதைக் காயும் நேரம்தான் முடிவுசெய்கிறது. ஒரு நாளைக்கு நான்கு மாற்றுகிறாள், துவைத்தது மறுநாளே காய்ந்துவிடுகிறது என்றால், உடுத்த நான்கு, கொடியில் நான்கு, ஆக எட்டு. மழைக்காலத்தில் காய இரண்டு நாள் ஆனால் பன்னிரண்டு. ஸ்பியர் சொல்லும் ஆறு என்பது வெயிலும் கொடியும் உள்ள இடத்தில்தான் தாங்கும், அதுவும் சிரமப்பட்டு.

மாதவிடாய்க் கப்பைப் பற்றியும் கேட்பார்கள். பிறப்புறுப்புக்குள் வைத்து இரத்தத்தைப் பிடிக்கும், சிலிக்கானால் ஆன சிறு கிண்ணம் அது. 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைக்கக்கூடாது, ஒவ்வொரு சுழற்சிக்கும் முன்பு ஐந்து நிமிடம் கொதிக்கும் நீரில் போட்டு எடுக்க வேண்டும், எடுக்கவும் வைக்கவும் கை சுத்தமாக இருக்க வேண்டும். பல ஆண்டு உழைக்கும், குப்பை கிடையாது. ஆனால் தனியாக ஒரு பாத்திரம் வைத்து அடுப்பில் கொதிக்கவைக்க அந்த வீட்டில் முடியுமா என்று கேட்டுக்கொண்டுதான் பரிந்துரைக்க வேண்டும். உள்ளே செருகும் பஞ்சுச் சுருளான டேம்பான் என்றால் 8 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. திடீர்க் காய்ச்சல், உடலில் சிவந்த தடிப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே வெளியே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துவைப்பது

இரத்தம் பட்ட துணியில் வெந்நீர் ஊற்றக்கூடாது. இரத்தத்திலுள்ள புரதம் சூட்டில் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும், கறை போகாது. முதலில் குளிர்ந்த நீரில் அலசிப் பெரும்பகுதி இரத்தத்தை வெளியேற்றுங்கள். பிறகு மூடியுள்ள வாளியில் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் சுத்தமாகும் என்று நினைப்பது தவறு, நீரில் கிருமிதான் பெருகும். சோப்புப் போட்டுத் தேய்த்து, நீர் தெளிவாகும்வரை அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் தோலில் எரியும், துணியும் விறைப்பாகி உறிஞ்சும் தன்மை குறையும். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். தோலைப் புண்ணாக்கும், நூலையும் அரிக்கும். ஒரு நாளின் துணிகளுக்கு அரை வாளியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் வேண்டியிருக்கும்.

நிவாரணக் குடியிருப்பில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பதுதான் ஸ்பியரின் அடிப்படை அளவு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் அதற்குள்தான். அதில் ஒரு வாளி இதற்குப் போனால் வீட்டில் யாருக்கோ குறையும், ஏன் இவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியும் எழும். எனவே மாதத்தில் அந்த நாட்களுக்குக் கூடுதலாக ஒரு குடம் பிடித்துவைப்பதைப் பற்றி அம்மாக்களிடம் தனியாகப் பேச வேண்டும். பிள்ளை தானே கேட்கமாட்டாள்.

தேங்கிய வெள்ளநீரில் துணியை ஊறவைப்பதோ உடம்பைக் கழுவுவதோ கூடாது. அதில் மலக்கழிவு கலந்திருக்கும். நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் முதல் அலசலுக்குச் சுமாரான நீரும் கடைசி அலசலுக்கு நல்ல நீரும் என்று பிரித்துக்கொள்ளலாம். உடம்பைக் கழுவ எப்போதும் நல்ல நீர்தான். வெளிப்பகுதியை மட்டும், முன்னிருந்து பின்னாக, வெறும் நீரால் கழுவினால் போதும். பிறப்புறுப்பின் உட்பகுதி இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது. அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதைக் காக்கின்றன. சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே போனால் முதலில் சாவது அவைதான்.

காயவைப்பது: எல்லாம் கெடுகிற இடம்

துவைப்பது வரை பிள்ளைகள் சரியாகச் செய்துவிடுகிறார்கள். பிறகு துணி எங்கே போகிறது என்று பாருங்கள்: பாயின் அடியில், பெட்டிக்குப் பின்னால், இன்னொரு துணிக்குள் சுருட்டி. காரணம் வெட்கம் மட்டுமல்ல. கொட்டகை வரிசைகளுக்கு நடுவே மூன்று அடிச் சந்து, எதிர்வீட்டு வாசல் கைக்கெட்டும் தூரத்தில். அங்கே எந்தக் கொடியும் எல்லோர் கண்ணிலும் படும்.

இதற்கு எளிய தீர்வு ஒன்று: கொடியில் துணியைப் போட்டு, அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை அகலமாகப் போடுவது. துப்பட்டா போன்ற மெல்லிய நெய்தலாக இருந்தால் காற்றும் வெப்பமும் போகும், வெளியே தெரியாது. தடித்த துண்டு போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். வட்டமான கிளிப் கொடி கிடைத்தால் பேட்களை உள்வட்டத்திலும் மற்ற சிறு துணிகளை வெளிவட்டத்திலும் மாட்டலாம்.

தகரக் கூரைக்குக் கீழே சூடாக இருக்கிறதே, உள்ளேயே காயாதா? பகலில் சூடு இருக்கும், ஆனால் ஐந்து பேர் மூச்சும் சமையல் ஆவியும் சேர்ந்து காற்று ஈரமாகவே இருக்கும். காற்றோட்டமில்லாத சூட்டில் பூஞ்சைதான் நன்றாக வளரும். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே காற்று ஓடும் பாதையில் கொடி கட்டுவது நல்லது. மழை விடாத நாட்களில், அலசிய துணியை உலர்ந்த துண்டுக்குள் சுருட்டி காலால் மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். இஸ்திரிப் பெட்டி இருந்தால் கடைசியாக ஒருமுறை தேய்ப்பது நல்லது, அந்தச் சூடு மிச்சக் கிருமிகளையும் அழிக்கும். காய்ந்ததா என்று விரலால் தொட்டால் ஏமாறுவோம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றால் இன்னும் ஈரம்.

குடியிருப்புப் பொறுப்பாளர்களால் செய்யக்கூடிய நல்ல காரியம், பெண்கள் குளியலறைத் தொகுப்புக்குப் பின்னால் வெயில் படும்படி, கூரையில்லாமல், ஆளுயரத்துக்கு மறைப்புக் கட்டிய ஒரு காயப்போடும் இடம். செலவு சொற்பம். ஆனால் யாரும் கேட்காததால் யாரும் கட்டுவதில்லை.

மாற்றும் இடம்

ஸ்பியர் அளவின்படி மூடிய வசிப்பிடம் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு 17.5 சதுர மீட்டர், அதாவது சுமாரான ஓர் அறை. அதற்குள் மறைவு உண்டாக்க ஒரு மூலையில் கயிறு கட்டி அடர்நிறப் போர்வையைத் தொங்கவிடுவார்கள். இதில் ஒரு சிக்கல்: விளக்கு மறைப்புக்குள் இருந்தால் உள்ளே நிற்பவரின் நிழல் போர்வையில் படமாக விழும். விளக்கு வெளிப்பக்கம் இருந்தால் விழாது. கயிறும் தலைக்கு மேல் ஒரு சாண் உயரமாவது இருக்கட்டும்.

கழிப்பறைகளைப் பொறுத்தவரை நிலையான குடியிருப்பில் 20 பேருக்கு ஒன்று, பொதுக் கழிப்பறையில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று, வீட்டிலிருந்து 50 மீட்டருக்குள் என்பவை அடிப்படை அளவுகள். எண்ணிக்கை சரியாக இருந்தும் பயன்படாமல் போவதற்குச் சின்னச் சின்னக் காரணங்களே போதும். உள்தாழ்ப்பாள் இல்லை. தோள் உயரத்தில் ஓர் ஆணி இல்லை, ஆகவே மாற்றுத்துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பாதையில் விளக்கு இல்லை. கதவின் கீழ் ஒரு சாண் இடைவெளி. குளியலறைத் தண்ணீர் திறந்த வாய்க்காலில் பக்கத்து வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்பது இன்னொன்று. சிவந்த நீர் வெளியே தெரியும் என்றால் எந்தப் பெண்ணும் அங்கே துவைக்கமாட்டாள், இரவு எல்லோரும் தூங்கும்வரை காத்திருப்பாள். நாலு மீட்டர் குழாய் பதித்தால் தீரும் விஷயம்.

இருட்டில் போக அஞ்சி மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. சிறுநீரை அடக்கினால் சிறுநீர்ப்பாதைத் தொற்று வரலாம். எரிச்சல், அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி ஆகியவை அறிகுறிகள். காய்ச்சலோ முதுகின் பக்கவாட்டில் வலியோ சேர்ந்தால் காத்திருக்கக்கூடாது.

அப்புறப்படுத்துவது

பயன்படுத்திய நாப்கினுக்குள் இருக்கும் உறிஞ்சுபொடி தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். வகுப்பில் ஒரு நாப்கினைக் கத்தரித்து, உள்ளிருக்கும் பஞ்சை அகன்ற வாய் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் பாட்டில் அடைத்துக்கொள்ளும். கழிப்பறைக் குழாயில் என்ன நடக்கும் என்று அதன்பிறகு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழிக் கழிப்பறையில் போட்டாலும் அது மட்காமல் கிடந்து குழியைச் சீக்கிரம் நிரப்பும், கழிவை உறிஞ்சி எடுக்கும் குழாயில் சிக்கும்.

நாப்கினைக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. அரிதான தண்ணீர் வீணாகும், கனமாகி ஊதிய நாப்கினும் எரியாது, மட்காது. இரத்தப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள கூடையில் போட்டால் போதும். கூடை பெண்கள் கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வைத்த கூடைவரை கையில் எடுத்துக்கொண்டு யாரும் நடக்கமாட்டார்கள். தினமும் யார் எடுப்பது, அவருக்குக் கையுறையும் கூலியும் யார் தருவது என்று தீர்மானிக்காமல் கூடை வைத்தால், நாலாம் நாள் அது நிரம்பி வழியும், ஐந்தாம் நாள் நாய் இழுத்துப் போகும், ஆறாம் நாளிலிருந்து எல்லாம் மறுபடி கழிப்பறைக் குழிக்குள்.

திறந்த வெளியில் எரிப்பது நல்ல வழியல்ல. ஈர நாப்கின் அரைகுறையாகப் புகைந்து, அதிலுள்ள பிளாஸ்டிக் நச்சுப்புகை விடும். சரியாக எரிக்க 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தரும் உலை வேண்டும். புதைப்பதானால் நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தைத் தவிர்த்து, கிணறுகளிலிருந்து 30 மீட்டருக்கு அப்பால், விலங்குகள் தோண்டாத ஆழத்தில். பருத்தித் துணி மட்கும், நாப்கினின் பிளாஸ்டிக் அடித்தாள் மட்காது.

வலியும் மருத்துவரும்

முதல் இரண்டு நாள் அடிவயிற்று வலி வருவது, கருப்பைத் தசை இறுகி விரிவதால். வெந்நீர் ஒத்தடம் உதவும். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொதிநீர் ஊற்ற வேண்டாம், உருகிச் சுட்டுவிடும். எஃகு பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி வைக்கலாம். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் போகாமல் எடுக்கலாம். இபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்றவை மாதவிடாய் வலிக்கு நன்றாகக் கேட்கும், சாப்பிட்ட பிறகு எடுக்க வேண்டும். ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு கொசு பெருகியிருக்கும் இடத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டும். பதின்வயதினருக்கு ஆஸ்பிரினும் கூடாது.

ஏழு நாளுக்கு மேல் போக்கு, எழுந்தால் தலைசுற்றல், நகமும் கண்ணிமை உட்புறமும் வெளுத்திருப்பது, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், பள்ளிக்குப் போகவே முடியாத வலி: இவற்றில் ஏதேனும் இருந்தால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

வகுப்பை நடத்துவது

ஒரு குழுவில் 10 முதல் 15 பேர். 10 முதல் 13 வயதினரைத் தனியாகவும், 14 முதல் 18 வயதினரைத் தனியாகவும் உட்கார வையுங்கள். சின்னவர்கள் பெரியவர்கள் முன் வாயே திறக்கமாட்டார்கள். இன்னும் வயதுக்கு வராத பிள்ளைகளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், முதல் இரத்தத்தைக் கண்டு பயப்படப்போவது அவர்கள்தான். ஒரு மணி நேரம் வீதம் மூன்று வகுப்பு போதும்: முதல் நாள் உடம்பு, இரண்டாம் நாள் துணி வெட்டி மடித்துத் துவைக்கும் செய்முறை, மூன்றாம் நாள் இடம்.

கேள்விப் பெட்டி வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேள்வி இருப்பவர் மட்டும் எழுதட்டும் என்றால் யாரும் எழுதமாட்டார்கள், எழுதுகிறவளை எல்லோரும் பார்ப்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுச் சீட்டு, எல்லோரும் ஏதாவது எழுதி, கேள்வி இல்லாவிட்டால் ஒரு பூவாவது வரைந்து போட வேண்டும் என்று வையுங்கள்.

உறிஞ்சும் திறனைக் காட்ட, 10 மில்லி சிவப்புச் சாயநீரைத் துணி பேட்டிலும் நாப்கினிலும் மெதுவாக ஊற்றி, மேலே வெள்ளைத்தாளை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். நாள் குறித்துவைக்கச் சுவர் நாட்காட்டி வேண்டாம், ஒற்றை அறையில் அது எல்லோருக்குமான அறிவிப்புப் பலகை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி போதும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் துணியை மடிப்பதைக் கையைப் பிடித்துச் சொல்லித்தாருங்கள். எப்போது மாற்றுவது என்பதைக் கறையைப் பார்த்து அறிய அவளால் முடியாது. பள்ளிக்குக் கிளம்பும்போது, மதியம், மாலை, படுக்கும்முன் என்று வேளையை வைத்துப் பழக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் உட்காரவே தேவையில்லை. தரையில் குடியிருப்பின் வரைபடத்தைச் சுண்ணாம்பால் போட்டு, எந்தக் கழிப்பறைக்கு இரவில் போகமாட்டீர்கள், எந்தக் குழாயடியில் துவைக்கமாட்டீர்கள் என்று கல் வைக்கச் சொல்லுங்கள். கல் குவியும் இடங்களுக்கு அவர்களோடு நடந்துபோய்ப் பாருங்கள். தாழ்ப்பாள், ஆணி, விளக்கு, கூடை, குழாய் என்று தேவைப்படுவதை எழுதி, யார் பெயரும் இல்லாமல் குடியிருப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பட்டியல் கைக்குப் போன தேதியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து மறுபடி போகும்போது "சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வேறு மூன்றைக் கேளுங்கள்: போன முறை துணி எங்கே காய்ந்தது? காய எத்தனை நாள் ஆனது? ராத்திரி மாற்ற வேண்டி வந்தபோது எங்கே போனாய்? "பாய்க்கு அடியில்" என்று பதில் வந்தால், பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி பொறுப்பாளரிடம்தான் போக வேண்டும்.